பட்ஜெட்டில் ஏறிய ரயில்

ஆரணிக்கு ரயிலில் போக விரும்புகிறவர் விழுப்புரம் – காட்பாடி மார்க்கத்தில் "ஆரணி ரோடு" என்று பலகை போட்ட ஸ்டேஷனில் இறங்க வேண்டும். இறங்கின பிறகுதான் அப்பலகையில் உள்ள இரண்டாவது சொல்லின் பொருள் அவருக்கு விளங்கும். ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். ஆரணி நகரமோ அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்தை ஒதுக்கிவிட்டுச் சென்ற அந்தத் தண்டவாளம், 2010-இல் அகலப் பாதையாக மாறிய பின்பும் ஒதுங்கியே கிடக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்கும் யோசனை இல்லாமல் போகவில்லை. திண்டிவனத்தில் புறப்பட்டு வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆர்க்காடு, ராணிப்பேட்டை, சோளிங்கர் வழியாக ஆந்திர ராஜ்யத்து நகரியைச் சேரும் ஒரு புதுப் பாதைக்கு 2006–07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. நீளம் சுமார் 180 கிலோமீட்டர். அப்போது போட்ட மதிப்பீடு 600 கோடி ரூபாய்க்குள் அடங்கியது. இப்போது சொல்லப்படும் மதிப்பீடு 3,000 கோடிக்கும் மேல். செலவுக் கணக்கு ஐந்து மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது, பாதைதான் வளரவில்லை. அன்று பிறந்த குழந்தை பள்ளிக்கூடப் படிப்பையே முடித்துவிட்டது. பட்ஜெட்டில் ஏறிய ரயில் இன்னும் ஆரணியில் வந்து இறங்கவில்லை.

இது ஆரணிக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று நாம் நினைக்கவில்லை. நமது தேசத்தில் காரியங்கள் எவ்வாறு தொடங்கப்படுகின்றன, எவ்வாறு நடத்தப்படுகின்றன, எதனால் நடுவழியில் நின்றுபோகின்றன என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

யாருக்கு நஷ்டம்?

ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அதன் பட்டுப் புடவைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் பட்டு நெசவுக்காகவே ரயில் வேண்டும் என்று வாதிப்பது நேர்மையாகாது. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இவை விலை மிகுந்தவை, பாரம் குறைந்தவை. பஸ்ஸிலும் லாரியிலும் வந்து சேர்ந்துவிடும். நெய்த புடவையும் அவ்வாறே போய்விடும்.

ரயில் தேவைப்படுவது நெல்லுக்கும் அரிசிக்கும். ஆரணி, களம்பூர் வட்டாரத்தில் அரிசி ஆலைகள் மிகுதி; அவற்றின் அரிசி தமிழ்நாடெங்கும் போகிறது. இத்தனை மூட்டைகளும் லாரிச் சத்தம் கொடுத்தே போக வேண்டியிருக்கிறது. அதைக் காட்டிலும் ரயில் தேவைப்படுவது மனிதர்களுக்கு. தறியில் போதிய கூலி கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகள் ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கும், செய்யாற்றுத் தொழிற்பேட்டைக்கும், சென்னைக்கும் வேலை தேடிப் போகிறார்கள். குறைந்த கட்டணத்தில் காலையில் போய் மாலையில் திரும்ப ஒரு ரயில் இருக்குமானால் அவர்கள் வீட்டை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் தறியும் நிற்க வேண்டியதில்லை. ஒரு திட்டம் தாமதமாகும்போது நஷ்டக் கணக்கில் இலாகாவின் பணம் மட்டும் எழுதப்படுகிறது. இந்தக் குடும்பங்கள் பிரிந்து வாழ்ந்த ஆண்டுகளை எவரும் எழுதுவதில்லை.

பணம் இல்லையா?

தாமதத்துக்குக் காரணம் கேட்டால் வழக்கமாக வரும் பதில், பணம் இல்லை என்பது. இது பாதி உண்மை. பணம் இல்லை என்றால், இல்லாத பணத்தை நம்பி இத்தனை வேலைகளை ஒரே சமயத்தில் அறிவித்தது ஏன்?

திண்டிவனம் – நகரி பாதை அனுமதி பெற்ற அதே ஆண்டில் திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை பாதையும் அனுமதி பெற்றது. 2008–09-இல் அத்திப்பட்டு – புத்தூர் பாதையும், மாமல்லபுரம் வழியாகச் சென்னை – கடலூர் பாதையும் சேர்ந்தன. இவற்றில் ஒன்றேனும் முழுமை பெற்று ரயில் ஓடியதா? இல்லை. தமிழ்நாட்டுப் புதுப் பாதைகள் சிலவற்றுக்குச் சில ஆண்டுகளில் தலா ஆயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டதையும் பார்த்தோம். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு தண்டவாளத் துண்டுகூட வாங்க முடியாது. திட்டம் செத்துவிடவில்லை என்று காட்ட வாயில் ஊற்றும் பால் அது. இருக்கிற பணத்தைக் கொண்டு ஒரு பாதையை முடித்திருந்தால், அது ஓடிச் சம்பாதித்து அடுத்த பாதைக்கு உதவியிருக்கும். பத்தும் பாதியில் நிற்பதால் பத்திலும் போட்ட பணம் முடங்கிக் கிடக்கிறது.

இந்த நோய் தேசம் முழுவதும் பரவியது. மத்திய சர்க்காரின் புள்ளிவிவர, திட்ட அமலாக்க இலாகா 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவாகும் வேலைகளைப் பற்றி மாதந்தோறும் கணக்கு எடுத்து வந்தது. 2023 டிசம்பர் கணக்கில் இருந்த 1,820 வேலைகளில் 431 வேலைகள் மதிப்பீட்டை மீறிவிட்டன. மீறிய தொகை 4.82 லட்சம் கோடி ரூபாய். 848 வேலைகள் காலந்தவறியவை. காரணங்களையும் அந்த இலாகாவே பட்டியலிட்டது: நிலம் கிடைக்கவில்லை, வனத்துறை அனுமதி வரவில்லை, கடன் ஏற்பாடு முடியவில்லை, எஞ்சினீயரிங் விவரங்கள் தீர்மானமாகவில்லை, வேலையின் அளவு நடுவில் மாறியது, டெண்டர் தாமதமாயிற்று.

இப்பட்டியலை ஊன்றிப் படிப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். இவற்றில் பெரும்பாலானவை வானத்திலிருந்து இடி விழுவதுபோல் வந்தவை அல்ல. நிலம் வேண்டும் என்பது பாதையை வரையும் நாளிலேயே தெரியும். காடு குறுக்கிடுகிறது என்பதும் அன்றே தெரியும். தெரிந்திருந்தும், அவற்றைத் தீர்ப்பதற்கு முன்பே வேலையை அறிவிக்கிறோம். பின்பு அவற்றையே தடை என்று பெயரிட்டு அழுகிறோம்.

சேது சமுத்திரக் கால்வாயின் கதையும் இதுவே. 2005 ஜூலை 2-இல் மதுரையில் பிரதம மந்திரி மன்மோகன் சிங் அதைத் தொடங்கி வைத்தார். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். எந்த வழியாகக் கால்வாய் போவது என்பதில் மத உணர்ச்சியும், மீனவர் பிழைப்பும், கடல்வாழ் உயிர்களின் கதியும் கலந்திருந்தன. அவை தீருவதற்கு முன் கடலைத் தோண்டும் கப்பல்கள் வந்துவிட்டன. 2007-இல் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், ராமர் சேது என்றும் ஆதம் பாலம் என்றும் வழங்கும் பகுதியில் வேலை நின்றது. எந்தக் கட்சி சொன்னது சரி என்பதை இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. தீர்க்க வேண்டிய வழக்கைத் தீர்த்துவிட்டுத் தோண்டியிருக்கலாம். அல்லது தீராது என்று தெரிந்தால் தோண்டாமலே இருந்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் கோடிக்கணக்கான பணத்தைக் கடலில் கரைத்தோம்.

தறிக்காரர் அறிந்த கணக்கு

இத்தகைய பிழையை ஆரணி நெசவாளர் ஒருவர் தம் தறியில் செய்வாரா? செய்யமாட்டார். செய்தால் அந்த மாதம் அடுப்பு எரியாது.

புடவைக்கு முன் கணக்கு இருக்கிறது. பாவுக்கு எவ்வளவு பட்டு, ஊடைக்கு எவ்வளவு, கரைக்கும் முந்திக்கும் எத்தனை ஜரிகை என்று முதலில் தீர்மானமாகிறது. ஒரு புடவைக்கு வேண்டிய பட்டை ஒரே தடவையில் சாயம் தோய்க்கிறார்கள். பாதி நெய்த பிறகு மறுபடி தோய்த்தால் நிறம் ஒத்து வராது. கரையின் பூவேலைக்கு ஜக்கார்டு அட்டைகள் முன்கூட்டியே தயாராகின்றன. விடியற்காலையில் பலர் கூடித் தெருவில் பாவை நீட்டிச் சரி செய்கிறார்கள். இத்தனையும் முடிந்த பிறகே தறியில் நாடா ஓடுகிறது. பாவு தறியில் ஏறிவிட்டால் அதன் நீளத்தையோ அகலத்தையோ மாற்ற முடியாது. அது தீரும் வரையில் வேறு பாவு அந்தத் தறியில் ஏறாது. வேலை நின்றால் பட்டில் போட்ட முதலும் அதன் வட்டியும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் என்பது தறிக்காரருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

முன்கூட்டிய கணக்கு, சாமான் சேர்ந்த பிறகு தொடக்கம், நடுவில் மாற்றாமை, ஒன்றை முடித்து ஒன்றை ஏற்றுதல், வட்டியை மறவாமை – பெரிய காரியங்களை நடத்தும் சாஸ்திரம் என்று மேல்நாட்டார் இன்று தடித்த புத்தகங்களில் எழுதுவதும் இந்த ஐந்தையே. திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, தெரிந்து வினையாடல், வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். எண்ணுவதும், ஆளைத் தேர்ந்தெடுப்பதும், உறுதியோடு நிற்பதும், செய்து முடிப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நமது மந்திரி சபைகள் அறிவிப்பதையே நான்குக்கும் சமமாக எண்ணுகின்றன.

முடித்துக் காட்டியவர்கள்

நம் நாட்டில் முடிந்த வேலைகளும் உண்டு. அவை ஏன் முடிந்தன என்று பார்ப்பது, முடியாதவற்றைப் பற்றிப் புலம்புவதைவிடப் பயன் தரும்.

பெரியாற்று நீரை மதுரைப் பக்கம் திருப்பலாம் என்ற எண்ணம் ராமநாதபுரம் சமஸ்தானத்து மந்திரி முத்திருளப்ப பிள்ளை காலத்திலேயே, 1789 அளவில், எழுந்தது. பிறகு சுமார் நூறு ஆண்டு ஆராய்ச்சி நடந்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. அடுத்த ஆண்டில்தான் வேலை தொடங்கியது. வெள்ளம் முதல் கட்டுமானங்களை அடித்துச் சென்றபோதும், காட்டு ஜுரம் கூலியாட்களைக் கொன்றபோதும், 1895-இல் அணை திறக்கப்பட்டது. அன்னிய ஆட்சியின் புகழ் பாடுவது நம் நோக்கமன்று. அந்த ஆட்சி நம்மைச் சுரண்டியதை நாம் மறக்கவில்லை. ஆனால் பத்திரம் முன்னே, மண்வெட்டி பின்னே என்ற வரிசையை எவரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

சுதந்திர இந்தியாவிலும் உதாரணம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் போயின. ஆறு மாதத்தில் சீர்படுத்த வேண்டும் என்று ரயில்வே சொல்ல, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது எஞ்சினீயர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. புதுக் கர்டர்களுக்கு உத்தரவு எழுதிக் காத்திராமல், கடலில் மூழ்கியவற்றையே தேடி எடுத்து மீண்டும் பொருத்த ஏற்பாடு செய்தார். 46 நாளில் பாலம் தயாராயிற்று. இருப்பது என்ன, வேண்டுவது என்ன, முடிவு செய்ய வேண்டியவர் யார் என்ற மூன்றும் அங்கே தெளிவாக இருந்தன. முடிவு செய்யும் அதிகாரம் வேலை நடக்கும் இடத்திலேயே இருந்தது.

அதே ஸ்ரீதரன் தலைமையில் 1990-இல் கொங்கண் ரயில்வே தனிக் கார்ப்பொரேஷனாக அமைந்தது. பல்லாயிரம் பேரிடமிருந்து நிலம் பெற வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பாலங்களும் தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்களும் தேவைப்பட்டன. பாதை ஏழு பகுதியாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை எஞ்சினீயர், முழு அதிகாரத்தோடு, நியமிக்கப்பட்டார். முடிக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காட்டும் பலகை அலுவலகங்களில் தொங்கியது. முதலில் குறித்த காலத்துக்குள் வேலை முடியவில்லை என்பது உண்மை. கோவாவில் எதிர்ப்பு வந்தது, சுரங்கங்களில் மண் சரிந்தது. என்றாலும் 1998 ஜனவரியில் சுமார் 740 கிலோமீட்டர் பாதை முழுவதும் ரயில் ஓடியது. எட்டே ஆண்டு. ஆரணிப் பாதை அதில் நான்கில் ஒரு பங்கு. அங்கே ஸஹ்யாத்ரி மலையும் குறுக்கிடவில்லை.

ஒருவர் மட்டும் போதுமா?

"அப்படியானால் ஒரு ஸ்ரீதரனைக் கொண்டு வாருங்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். வீரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதும் ஒரு விதச் சோம்பலே.

1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி கப்பல் கம்பெனியை நிறுவினார். பத்து லட்ச ரூபாய் மூலதனம். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். கப்பல்கள் வந்தன, கொழும்புக்கு ஓடின. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டமாக்கியும் ஜனங்கள் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர். 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதானார். 1911-இல் கம்பெனி கலைந்தது. அடக்குமுறையே அதனைக் கொன்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்னொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மகானின் தோள் விலகிய மறுகணம், பாரத்தைத் தாங்க அடுத்த தோள் ஆயத்தமாக இல்லை. தியாகம் ஒரு காரியத்தைத் தொடங்கும். ஒழுங்கான ஸ்தாபனமே அதனை நிலைநிறுத்தும்.

1935-இல் கைத்தறி நெசவாளருக்காகச் சென்னையில் ஒரு மத்தியக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குவது அதுவே. அதன் குறைகளைக் கண்டிக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் தலைவர்கள் மாறினார்கள், சர்க்கார்கள் மாறின, சங்கம் நிற்கிறது. விதிகளும் கணக்குப் புத்தகமும் ஆளுக்கு ஆள் கைமாறும் முறையும் இருந்ததே அதற்குக் காரணம்.

ரயில் பாதை வேலையில் இந்த முறைதான் இல்லை. அதிகாரி ஊர் மாறுகிறார்; கோப்பு மேஜை மாறுகிறது. 2019-இல் வேலூர் ஜில்லாவிலிருந்து ராணிப்பேட்டை ஜில்லா பிரிந்தபோது, பாதை போகும் நிலங்களில் ஒரு பகுதி வேறு கலெக்டரின் கீழ் போயிற்று. நிலத்தை எடுத்துத் தர வேண்டியது ராஜ்ய சர்க்கார். பணம் கொடுத்துப் பாதை போட வேண்டியது மத்திய சர்க்கார். நிலம் வரவில்லை என்று இவரும், பணம் வரவில்லை என்று அவரும் சொல்லிவிட்டால் குற்றவாளி எவரும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஒருவர் இல்லாத வரையில் இந்த நாடகம் முடியாது.

நிலம் கொடுக்கும் விவசாயிகளின் மீது பழி போடுவதையும் நாம் கண்டிக்கிறோம். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த நில எடுப்புச் சட்டம் அவர்களுடைய நஷ்ட ஈட்டை உயர்த்தியது நியாயமே. தாமதத்தால் அவர்களும் துன்பப்படுகிறார்கள். பாதைக்கு அளவு எடுத்த நிலத்தை வாங்க ஆள் வருவதில்லை. அதன் பேரில் கடன் கொடுக்கப் பாங்கி தயங்கும். கிணறு வெட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஆண்டுகள் கழியும். எடுப்பதானால் உரிய விலை கொடுத்து உடனே எடுக்க வேண்டும். எடுப்பதில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தேர்தல் மேடையில் கேட்க வேண்டியது

ஆரணி தனிப் பாராளுமன்றத் தொகுதியாகி 2009 முதல் அங்கத்தினரை அனுப்பி வருகிறது. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சியாரும் ரயில் வரும் என்று வாக்களிக்கிறார்கள், கேட்போரும் கைதட்டுகிறார்கள். கைதட்டுவதை நிறுத்திவிட்டுக் கணக்குக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் எடுத்தாயிற்று, எத்தனை பாக்கி, எந்தத் தேதிக்குள் முடியும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். நிலத்துக்கும் பாதைக்கும் சேர்த்துப் பொறுப்பேற்று, வேலை முடியும் வரையில் மாற்றப்படாத ஓர் அதிகாரியைக் கேளுங்கள். 180 கிலோமீட்டரையும் ஒன்றாகக் கிளறாமல், திண்டிவனம் – ஆரணி போன்ற ஒரு பகுதியை முதலில் முடித்து ரயில் விடும்படி கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செலவும் முன்னேற்றமும் வெளியாக வேண்டுமென்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதற்குப் பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு காகிதமும் போதும்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆர்க்காடு ஆகிய நான்கு ஊர்களிலும் கட்சி பேதமின்றி ஒரு கமிட்டி அமைவது அவசியம். நெசவாளர் சங்கத்தாரும், அரிசி ஆலைக்காரரும், நிலம் கொடுக்கும் விவசாயிகளும், வேலைக்குப் போகும் இளைஞரும் அதில் ஒருங்கே உட்கார வேண்டும். கமிட்டிக்கும் ஒரு காரியதரிசி, ஒரு கணக்குப் புத்தகம், குறித்த நாளில் கூட்டம் என்ற ஒழுங்கு இருக்கட்டும். சர்க்காரிடம் நாம் கேட்கும் ஒழுங்கு நம்மிடம் இல்லாமற் போனால் கேட்கும் தகுதியும் நமக்கு இல்லை.

சுயராஜ்யம் பெற நாம் சிறை சென்றோம். அதைச் சுகராஜ்யமாக்க, தேதி குறித்து, பொறுப்பு வகுத்து, தொடங்கியதை முடிக்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை மந்திரிகள் தாமாகக் கற்றுக்கொள்ளமாட்டார்கள். கேட்டுக் கேட்டுக் கற்பிக்க வேண்டியவர்கள் ஜனங்களே.